நாலு இரும்பு, நாலு கந்தகம்

பேருந்தில் முப்பத்தொரு வருஷம் நடத்துநராக இருந்துவிட்டு ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே விசிலம்மாவுக்கு வீட்டுச் சுவர்கள் அலுத்துவிட்டன. அவளுடைய நிஜப் பெயர் பணிமனைப் பதிவேட்டில் எங்கேயாவது இருந்திருக்கலாம். மற்றபடி ஓட்டுநர்கள், பயணிகள், எதிர்வீட்டுக்காரர் எல்லாருக்கும் அவள் விசிலம்மாதான். கழுத்தில் விசில் தொங்காவிட்டால் ஏதோ பாதி உடுத்தினாற்போல் இருக்கிறது என்று சொல்லி, ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கழற்றவில்லை. ஒருநாள் காலையில் பால் பொங்கி வந்தபோது, அடுப்பை அணைக்கத் தோன்றாமல் ஒரு விசில் அடித்துவிட்டு, பால் நிற்காததைப் பார்த்துக் கோபப்பட்டாள்.

மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஆகவே வீட்டில் பெரும்பாலும் மாமியாரும் மருமகளும்தான். இருவருக்குள்ளும் சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பழக்கம் ஏற்படவில்லை என்பதுதான் உண்மை. மருமகள் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள், ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். இவ்வளவு படித்த பெண்ணை வா, போ என்று எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாள் தயங்கி ‘வாங்க, போங்க’ போட்டுவிட்ட விசிலம்மா, இரண்டு வருஷமாக அதிலிருந்து இறங்க வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு அத்தை. நீங்க?”

“ஆச்சு.”

அதோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்துவிடும். சில நாள் மருமகள் வேலையிலிருந்து வரும்போது அழுகின முட்டை வாடை அடிக்கும். அதைப் பற்றிக்கூட விசிலம்மா கேட்டதில்லை. மரியாதை!

அன்று வார விடுமுறை. ஆனாலும் மருமகள் ஏழு மணிக்கே கிளம்பிப் போயிருந்தாள். ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்தபோது விசிலம்மாவின் கையில் ஒரு சாவி தட்டுப்பட்டது. அதில் கோத்திருந்த சிவப்பு வில்லையில் ‘வாயுக் கிடங்கு’ என்று எழுதியிருந்தது. போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஐந்து தடவை போட்டாயிற்று. வேறு யாராக இருந்தாலும் ‘சாயங்காலம் வந்து எடுத்துக்கட்டும்’ என்று சாவியை ஆணியில் மாட்டியிருப்பார்கள். விசிலம்மாவுக்கோ மூன்று மாதத்தில் முதல் தடவையாக எங்கேயாவது போவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. விடுவாளா? எட்டே நிமிஷத்தில் தெருமுனையில் பேருந்துக்கு நின்றாள்.

ஆராய்ச்சி நிலைய வாசலில் காவலாளி மறித்தார். மெலிந்த மனிதர், விறைப்பான சட்டை.

“யாரைப் பாக்கணும்?”

“என் மருமக இங்க வேலை பாக்குறா.”

“எந்தப் பிரிவு?”

விசிலம்மா விழித்தாள். இரண்டு வருஷமாக அதைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“முட்டை அழுகின வாடை அடிக்குமே, அந்தப் பிரிவு.”

காவலாளியின் முகம் மலர்ந்தது. “நாலாவது மாடி. படியில போங்கம்மா, லிஃப்ட் ரிப்பேரு.”

லிஃப்டின் வாய் பிளந்திருந்தது. உள்ளே ஒருவர் மல்லாந்து படுத்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தொப்பையும் இரண்டு கால்களும் மட்டும் வெளியே தெரிந்தன. “இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்,” என்று கால்கள் சொல்வது போலக் குரல் வந்தது.

நாலாவது மாடியில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. எட்டிப் பார்த்த விசிலம்மா அப்படியே நின்றுவிட்டாள். கட்டில் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடாரம் மேஜை மேல் இருந்தது, கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரிந்தது. அதன் முன்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், ஓட்டைகளிலிருந்து உள்நோக்கி நீண்ட கறுப்பு ரப்பர் கையுறைகள். மருமகள் தோள்வரை அதற்குள் கையை விட்டுக்கொண்டு, நெற்றியைப் பிளாஸ்டிக்கில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர்.

“ஐயோ, என்ன ஆச்சு உங்களுக்கு?”

மருமகள் திரும்பிப் பார்த்தாள். கடலில் தத்தளிக்கிறவள் படகைப் பார்த்த பார்வை அது.

“அத்தை! முதல்ல என் மூக்கைச் சொறிங்க!”

“என்னது?”

“மூக்கு அத்தை, மூக்கு! ஒரு மணி நேரமா அரிக்குது!”

இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டது கிடையாது. விசிலம்மா சுட்டுவிரலை நீட்டி, தூசி படிந்த பொம்மையைத் தொடுவது மாதிரி மெல்லத் தொட்டாள்.

“இன்னும் மேல. இடது பக்கம். அழுத்தி... ஆ... ஆ... அப்படித்தான்... உயிர் வந்துச்சு.”

“கையை வெளிய எடுத்துச் சொறிஞ்சுக்க வேண்டியதுதானே?”

“எடுக்க முடியாது. எடுத்தா எல்லாம் போச்சு. அங்க பாருங்க.”

கூடாரத்துக்குள் மருமகளின் கறுப்பு விரல்களுக்கு நடுவே சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி. அதில் தெளிந்த பழுப்பு நிறத்தில் இரண்டு மடக்கு திரவம்.

“டீயா?”

மருமகளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. “புரதம் அத்தை. குளத்துச் சேத்துக்குள்ள காத்தே படாம வாழுற ஒரு பாக்டீரியாவோட புரதம். அதுக்குள்ள நாலு இரும்பு அணுவும் நாலு கந்தக அணுவும் சேர்ந்து குட்டியா ஒரு பெட்டி மாதிரி உக்காந்திருக்கும். அந்தப் பெட்டி உள்ள இருந்தாத்தான் இந்த நிறம், இருந்தாத்தான் புரதம் வேலை செய்யும். காத்து பட்டா பெட்டி பிரிஞ்சிடும், பச்சைத் தண்ணி மாதிரி வெளுத்துடும். எட்டு மாசமா இரும்பையும் சல்ஃபைடையும் சொட்டுச் சொட்டா விட்டு உள்ள உக்கார வைக்கப் பாக்குறேன். கொஞ்சம் கூடினா சாக்கடை மாதிரிக் கறுத்துத் திரிஞ்சு போகும். கொஞ்சம் குறைஞ்சா வெளுத்துப் போகும். இருபத்தாறு தடவை! இன்னிக்குத்தான் அத்தை, இன்னிக்குத்தான் இப்படி வந்திருக்கு!”

“அப்புறம் ஏன் அழறீங்க?”

“பாதி மூக்குக்காக. மீதி அதுக்காக.” தாடையால் சுட்டிக் காட்டினாள். கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கருவியில் சிவப்பு எண் மின்னியது. முப்பத்தெட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தொன்பது ஆயிற்று.

கூடாரத்துக்குள் ஆக்ஸிஜன் புகாமல் இருக்க வேறு வாயுவைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் இணைப்பு எங்கோ கசிந்து, கையுறைக்குள் கையை விட்ட பிறகு பார்த்தால் சிலிண்டர் காலி. இப்போது கையை உருவினால் கையுறையும் கூடவே வெளியே வரும், கூடாரம் உறிஞ்சும், இருக்கிற சின்னச் சின்ன இடுக்கு வழியாக வெளிக்காற்று குபுகுபுவென்று உள்ளே பாயும். உள்ளே எவ்வளவு ஆக்ஸிஜன் என்று காட்டும் அந்தச் சிவப்பு எண் நூறைத் தாண்டினால் பழுப்பு நிறத்தை மறந்துவிட வேண்டியதுதான். கூட வேலை பார்க்கிறவள் பல் பிடுங்கப் போயிருக்கிறாள். போன் எட்டாத மேஜையில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. கீழ்த்தளக் கிடங்கில் முழுச் சிலிண்டர் இருக்கிறது. சாவி...

விசிலம்மா சிவப்பு வில்லையைத் தூக்கிக் காட்டினாள்.

“அத்தை, உங்களுக்கு நான் என்ன கைம்மாறு...”

“அதெல்லாம் அப்புறம். என்ன நிறம் சிலிண்டர், என்ன எழுதியிருக்கும், அதை மட்டும் சொல்லுங்க.”

மருமகள் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு விசிலம்மா படி இறங்கினாள். இறங்கினாள் என்பது சரியில்லை, உருண்டாள். மூட்டுவலி இருப்பதே மறந்துபோனது. நிரம்பி வழியும் பேருந்தில் பின்படியிலிருந்து முன்படிக்கு ஊர்ந்து போன காலத்து வேகம் காலுக்குத் தானாக வந்துவிட்டது.

“காவலாளி சார்! ஓடி வாங்க!”

“நான் வாசலை விட்டு வரக்கூடாதும்மா. விதி.”

“விடுமுறை நாள்ல எந்தப் படை வந்து உங்க வாசலைப் பிடிக்கப் போகுது? மேல ஒரு பொண்ணு ரெண்டு கையும் மாட்டிக்கிட்டு நிக்குது!”

கை மாட்டிக்கொண்டது என்றதும் மனிதர் விதியைச் சாத்திவிட்டு ஓடி வந்தார். லிஃப்டுக்குள்ளிருந்த தொப்பையும் “எந்தப் பொண்ணு? எங்க மாட்டிக்கிச்சு?” என்று எழுந்து உட்கார்ந்தது. முகமும் மீசையுமாக முழு ஆளாய் வெளியே வந்த லிஃப்ட்காரர், விஷயத்தைக் கேட்டதும் தன் பையிலிருந்து ஒரு தடித்த வார்ப்பட்டையை உருவினார். “மோட்டார் தூக்குற பட்டை. ஆனையையே கட்டித் தூக்கலாம்.”

சிலிண்டர் ஆனை இல்லை. இடுப்பு உயரம்தான். ஆனால் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் அதைக் கட்டிப் படியேற்றத் தொடங்கியபோது ஆனைக்குட்டியாவது இருக்கும் என்று தோன்றியது. மேலே நின்று லிஃப்ட்காரர் வண்டியின் கைப்பிடியை இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் காவலாளி பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தார். முதல் ஆறு படியில் ஒருவர் இழுக்கும்போது மற்றவர் மூச்சு வாங்கினார், மற்றவர் இழுக்கும்போது இவர் நெற்றியைத் துடைத்தார். வண்டி ஏறியதை விட ஆடியதுதான் அதிகம்.

விசிலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கச் சுவரை ஒட்டி அவர்களுக்கு முன்னே ஏறி நின்றாள். விசிலை வாயில் வைத்தாள்.

“ரெண்டு அடிச்சா இழுக்கணும். ஒண்ணு அடிச்சா நிக்கணும். புரிஞ்சுதா? போலாம் ரைட்!”

விர்ர், விர்ர்! ஒரு படி. விர்ர்ர்! நின்றது. விர்ர், விர்ர்! இன்னொரு படி. வெற்றுக் கட்டடத்தில் விசில் சத்தம் மாடிக்கு மாடி மோதி எதிரொலித்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் காவலாளிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “அடுத்த நிறுத்தம் மூணாவது மாடி! இறங்குறவங்க எல்லாம் இறங்கிக்கலாம்!” என்று கத்தினார். லிஃப்ட்காரர் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்ததில் கை தளர்ந்தது, வண்டி ஒரு படி சறுக்கியது. விசிலம்மா அடித்த ஒற்றை விசிலில் இரண்டு பேரும் சிலையாக நின்றார்கள்.

“வேலை நேரத்துல சிரிக்கக்கூடாது,” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். முப்பத்தொரு வருஷமும் இப்படித்தானே இருந்தது, இதைப் போய் வீட்டுச் சுவருக்குள் தேடிக்கொண்டிருந்தேனே என்று ஒரு நினைப்பு வந்து போனது.

மேலே போனபோது எண் எண்பத்தொன்று. மருமகள் அதே இடத்தில் நின்றிருந்தாள். குப்பியைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடியிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து, தன்னை அறியாமல் திரும்ப முயன்றாள். வலது தோள் ஓட்டையிலிருந்து ஒரு சாண் வெளியே வந்தது, கூடாரம் நடுவில் குழிந்தது.

“அடியே, கையை எடுக்காதடி!”

விசிலம்மா போட்ட சத்தத்தில் லிஃப்ட்காரர்கூடத் தன் கையை எடுக்காமல் நின்றார். மருமகளின் தோள் சட்டென்று உள்ளே போயிற்று. விசிலம்மாவுக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. முகம் சூடாயிற்று. மருமகளோ கண்ணைப் பெரிதாக்கி அவளையே பார்த்தாள். பிறகு, வாயெல்லாம் பல்லாக, “சரிங்க அத்தை,” என்றாள்.

வெட்கப்பட நேரமில்லை. எண்பத்தாறு. மருமகள் நின்ற இடத்திலிருந்து சொல்லச் சொல்ல, லிஃப்ட்காரர் காலிச் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியதில் பொருத்தி ஸ்பேனரால் இறுக்கினார். காவலாளி சோப்புத் தண்ணீர் கலக்கிக் குழாய் இணைப்பில் தடவினார். குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து, “இதோ, திருடன்!” என்று விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட்காரர் அந்த இடத்தில் நாடா சுற்றினார்.

“இப்ப வால்வைத் திறக்கணும் அத்தை. மெதுவா, இடப்பக்கம்.”

விசிலம்மா திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று சத்தம். குழிந்திருந்த கூடாரம் நெஞ்சு நிமிர்த்தியது. தொண்ணூற்றிரண்டில் நின்ற எண் சற்று யோசித்தது. தொண்ணூறு. எண்பத்தைந்து. எழுபது. அது இறங்க இறங்க நான்கு பேரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். பதினைந்துக்கு வந்தபோது காவலாளி தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார்.

குப்பியில் நிறம் அப்படியே இருந்தது. நல்ல பழுப்பு.

அளந்து பார்க்கும் வேலை பாக்கி. மருமகள் திரவத்தைச் சின்னக் கண்ணாடிப் பேழையில் மாற்றி, காற்றுப் புகாமல் மூடி, கூடாரத்தின் பக்கவாட்டில் இரட்டைக் கதவோடு இருந்த சிறு பெட்டி வழியாக வெளியே எடுத்தாள். கூடவே தன் கைகளையும் எடுத்தாள். முதல் காரியமாக மூக்கை இரண்டு கையாலும் ஆசைதீரச் சொறிந்துகொண்டாள். பேழையின் வழியே ஒளியைச் செலுத்தி எந்த நிறத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும் கருவி சூடாகப் பத்து நிமிஷம் ஆகும் என்றாள். அந்தப் பத்து நிமிஷமும் யாராலும் உட்கார முடியவில்லை.

“ஏம்மா, இந்த இரும்புக் கந்தகப் பெட்டி அந்தச் சேத்துப் பூச்சிக்கு மட்டும்தானா?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“உங்களுக்குள்ளயும் இருக்கு சார். எனக்குள்ள, அத்தைக்குள்ள, எல்லாருக்குள்ளயும். சாப்பாட்டுல இருந்து எடுக்குற எலக்ட்ரானை ஒரு பெட்டி வாங்கி அடுத்ததுக்குக் குடுக்கும், அது அடுத்ததுக்கு. கடைசியில நாம மூச்சு விடுற ஆக்ஸிஜன் கிட்ட போய்ச் சேரும். அந்தக் கைமாத்தல் நின்னா நாமளும் நின்னோம்.”

விசிலம்மா நிமிர்ந்தாள். “கூட்டமான பஸ்ஸுல பின்னாடி நிக்கிறவருக்கு டிக்கெட் போற மாதிரி! நான் முன்னால இருக்கிறவர் கையில குடுப்பேன், அவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு. யாருன்னே தெரியாது, ஆனா போய்ச் சேந்துடும்.”

மருமகள் கருவியை விட்டுத் திரும்பினாள். “அத்தை... அதேதான். அச்சு அசல் அதேதான்.”

“அப்போ என் உடம்புக்குள்ள கோடிக்கணக்குல கண்டக்டருங்க இருக்காங்கன்னு சொல்லு!”

சொல்லு! யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கருவி சூடாயிற்று. திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. உயரத்திலிருந்து சரிந்தது. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசிலம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் நெளியும் பிடி. கோடு, திரையின் அடியில் குறித்திருந்த நானூறைத் தாண்டிய இடத்தில் சரிவதை விட்டுவிட்டு, சோம்பல் முறிக்கும் ஒட்டகத்தின் முதுகு மாதிரி மெல்ல எழும்பியது.

“திமிலு!” என்று மருமகள் கத்தினாள். “திமிலு அத்தை! உக்காந்துடுச்சு! பெட்டி உள்ள உக்காந்துடுச்சு!”

அதற்குப் பிறகு நடந்ததற்கு ஒழுங்கான வரிசை கிடையாது. மருமகள் மாமியாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மாமியார் விசிலை ஊதினாள், நிறுத்தச் சொல்லியா போகச் சொல்லியா என்று அவளுக்கே தெரியாது. காவலாளி லிஃப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வெளியூர்க் கருத்தரங்கில் இருந்த பேராசிரியருக்கு மருமகள் போன் போட்டாள். “திமிலு” என்ற ஒரே வார்த்தைதான் அவள் வாயிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு, “இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பாக்கணும்,” என்று நடுங்கும் குரலில் அவர் சொன்னார்.

“இருபதுகூடச் செய்யலாம் சார்!” என்று விசிலம்மா குறுக்கே புகுந்து சொன்னாள். “யார் பேசுறது?” என்றார் பேராசிரியர். “என் மாமியார், சிலிண்டர் இன்சார்ஜ்,” என்றாள் மருமகள்.

அடுத்த வாரம் இரண்டு தடவை செய்தார்கள். இரண்டிலும் திமில் வந்தது. ஆனால் அது பிறகு நடந்தது.

அன்று மதியம் பேருந்துக்குக் காத்திருக்க இருவருக்கும் பொறுமை இல்லை. கால் தரையில் பாவாமல் நடந்தார்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதும் நினைவில்லை. வழியில் பெருஞ்சாக்கடை ஒன்று குறுக்கிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பதுதான் விசிலம்மாவின் வழக்கம். இன்று பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

“அந்தக் கறுப்பு... அதுவும் உன்னோட ஆளுங்கதானா?”

“ஆமா அத்தை. அடியில இருக்கிற பாக்டீரியாக்கள் தண்ணியில இருக்கிற சல்ஃபேட்டைச் சல்ஃபைடா மாத்தும். அது இரும்போட சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகும். அதான் இப்படி மை மாதிரி. முட்டை வாடையும் அதுங்க வேலைதான்.”

மருமகள் ஒரு நீண்ட குச்சியைப் பொறுக்கி, கரைப்படியில் இறங்கிச் சேற்றைக் கிளறினாள். அடியிலிருந்து பொளக்கென்று ஒரு பெரிய குமிழி வந்து வெடித்தது. வாடை எழும்பி வந்தது. விசிலம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

“ஆஹா!” என்றாள்.

அவ்வளவுதான். இருவருக்கும் சிரிப்புப் பீறிட்டது. அடக்க அடக்க அதிகமாயிற்று. மருமகள் படியில் உட்கார்ந்தே விட்டாள். மிதிவண்டியில் போன ஒருவர் நின்றார். பின்னால் வந்த தம்பதி நின்றார்கள்.

“என்னம்மா, ஏதாவது விழுந்துடுச்சா?”

விசிலம்மா பதில் சொல்ல வாயெடுத்து, முடியாமல், கீழே கையை மட்டும் காட்டினாள். சற்று நேரத்தில் பாலத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, எட்டி எட்டி அந்தக் கரிய நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொரு தடவை கிண்டுடி,” என்றாள் விசிலம்மா. “இவங்களும் பாக்கட்டும்.”